டாக்டரின் இடது கால்

முதுகில் சதுரமாகப் புண் வந்த மனிதரை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அந்த மருத்துவமனையின் வரவேற்புக் கூடம் நட்சத்திர ஹோட்டலாக ஆசைப்பட்டு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியாகிப் போனது. செயற்கை நீரூற்று, தோல் சோபா, வாசனை மெழுகுவத்தி. சுவரெங்கும் ஒரே மனிதரின் படம். இதய நிபுணர், நிறுவனர், எல்லோருக்கும் 'பெரிய டாக்டர்'. ஒரு படத்தில் கை கட்டியிருந்தார். அடுத்ததில் யாருக்கோ கை குலுக்கினார். இன்னொன்றில் ஸ்டெதஸ்கோப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நோயாளியைப் பார்ப்பது போல ஒரு படம்கூட இல்லை.

அந்தச் சோபாவின் நுனியில் ஒரு லாரி டிரைவர் சாயாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் சாயவில்லை என்று என் பாஸ் கேட்டதும், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நான்கு மூலையும் கச்சிதமாக ஒரு சதுரம். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"போன மாசம் நெஞ்சுல அடைப்பு எடுத்தாங்க சார். பெரிய டாக்டரே பண்ணார். ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் கொஞ்ச நாள்ல இது வந்துச்சு. கேட்டா, பெட்ஷீட் அலர்ஜிங்கறார்."

"அலர்ஜி இவ்வளவு ஒழுங்கா கட்டம் கட்டி வருமா? ஸ்கூல்ல நான்கூட இப்படி ஒரு சதுரம் போட்டதில்லையே," என்றேன்.

"வாயாடி, கொஞ்சம் சும்மா இரு," என்றார் பாஸ். ஆனால் அந்தச் சதுரத்தை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

பாஸ் துப்பறிவாளர். நான் அவருடைய உதவியாளர். அவர் யோசிக்கும்போது நடுவே பேசுவதுதான் என் வேலை என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைப்பதில்லை. நாங்கள் இங்கே வரக் காரணம், காலையில் எங்கள் அலுவலகக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்த ஒரு மாமியார். தையல் மெஷின் ரிப்பேர் கடை நடத்துகிறவர். மெஷினுக்கெல்லாம் எண்ணெய் போடுவார், பேச்சுக்குப் போட மாட்டார்.

"என் மருமக அந்த ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே டெக்னீஷியன். முழுகாம இருக்கா. அவ மாட்டியிருக்கிற பேட்ஜ்ல கதிர் எக்கச்சக்கமா ஏறிடுச்சாம். புள்ள ஊனமா பொறக்கும், கலைச்சிடுங்கன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்கு மத்தியானம் சேர்க்கிறாங்க. மாசமா இருக்கேன்னு சொன்ன நாள்லேருந்து அவ எக்ஸ்ரே ரூம் கண்ணாடிக்கு வெளியதான் உக்காந்திருக்கா. அப்புறம் எப்படிக் கதிர் பட்டுச்சு? என் பையன் ஒரு மண்ணாந்தை. டாக்டர் சொன்னா தலைகீழா நிப்பான். நீங்கதான் கண்டுபிடிக்கணும். மத்தியானத்துக்குள்ள."

லாரி டிரைவரிடம் வேறு ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினோம்.

இதயக் குழாய்களை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்த்துக்கொண்டே அடைப்பு எடுக்கும் அறைக்கு கேத் லேப் என்று பெயர். அதன் வாசலில் மருமகளின் கணவன் ஒரு துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவிக்கு மாற்றுத் துணி, போர்வை, பிளாஸ்க். எல்லாவற்றையும் அழகாக மடித்து எடுத்து வந்திருந்தான். ஒரு கேள்வியைத்தான் எடுத்து வரவில்லை.

"இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றார் பாஸ்.

"நெஞ்சையே திறக்கிறவரு சார் அவரு. அவருக்குத் தெரியாததா?"

"இவரு நெஞ்சைத் திறக்கிறதில்ல. குழாய்தான் விடறாரு," என்றேன். அவனுக்கு அதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே, தடித்த ஈயக் கண்ணாடிக்கு இந்தப் புறம் இருந்த சின்ன அறையில் மருமகள் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். மதியத்துக்கு முன்னால் ராஜினாமா கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம். கண்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள்.

"இந்த பேட்ஜ் நம்மளைக் காப்பாத்தாதுங்க. உடம்புல எவ்வளவு பட்டுச்சுன்னு கணக்கு வச்சுக்கும், அவ்வளவுதான். மேல பிளாஸ்டிக் கூடு, அதுல நம்ம பேர் ஒட்டியிருக்கும். உள்ள ஒரு அட்டை, அதுலயும் பேர் இருக்கும். மாசா மாசம் அந்த அட்டை மட்டும் லேபுக்குப் போகும். புது அட்டை வரும்."

"கூட்டை மூடிட்டா உள்ள யார் அட்டை இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. அதைத் திறக்கவும் கூடாது."

"அட்டையை யார் மாத்துவா?"

"பெரிய டாக்டரேதான். கதிர் பாதுகாப்புக்கும் அவர்தான் பொறுப்பு. மாசம் பொறந்தா எல்லாரோட பேட்ஜையும் ரூமுக்கு வாங்கிட்டுப் போய் அவரே மாத்திக் கொடுப்பார். அந்த ஒரு வேலையை மட்டும் யார்கிட்டயும் விட மாட்டார்."

பாஸ் தாடையைச் சொறிந்துகொண்டார். "அவர் காபிக்கு அவரே சர்க்கரை போட்டுப்பாரா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பையே எடுத்துக் கையில கொடுக்கணுங்க."

"சரி, அவரோட ரீடிங் எவ்வளவு வந்துச்சு?"

"ரொம்பக் கம்மி. அதைக் காட்டித்தான் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினார். நாள் முழுக்க உள்ளயே நிக்கிற எனக்கே இவ்வளவுதான், வெளிய உக்கார்ற உனக்கு எப்படிடி ஏறுச்சுன்னு."

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. எனக்கு உதிக்கும் யோசனைகள் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்றாலும் சொல்லிவிட்டேன். "பாஸ், மனுஷன் பேட்ஜை மேஜை டிராயர்ல போட்டுட்டு வேலைக்குப் போறார். அதான் கம்மி. இந்தப் பொண்ணு மேல பொறாமைப்பட்ட யாரோ இவ பேட்ஜை எடுத்து உள்ள மாட்டி வச்சிட்டாங்க."

"இல்லைங்க," என்றாள் மருமகள். "அவர் பேட்ஜ் இல்லாம உள்ள வந்ததே இல்ல. மத்தவங்க மறந்தா கத்துவார். என்னோடதும் எப்பவும் என் சட்டையிலதான் இருக்கும்."

அது சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

பாஸ் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நோயாளி படுக்கும் நீள மேஜை, அதற்கு அடியில் எக்ஸ்ரே குழாய். மேஜையின் பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. அவற்றில் எதுவும் தொங்கவில்லை.

"அங்க என்ன மாட்டணும்?"

"ஈயத் திரைங்க. நிக்கிறவங்க கால்ல கதிர் சிதறாம இருக்க. பெடலை மிதிக்க இடைஞ்சலா இருக்குன்னு பெரிய டாக்டர் கழட்டச் சொல்லிட்டார். பெடலை மிதிச்சிருக்கிற வரைக்கும் கதிர் வந்துக்கிட்டே இருக்கும். அவருக்குப் பெடல்ல கால் வச்சா எடுக்கவே மனசு வராது. மத்த டாக்டருங்க எல்லாம் படம் வேணும்கிறப்ப மட்டும் மிதிப்பாங்க. அவர் யோசிக்கிறப்பகூட மிதிச்சுக்கிட்டே இருப்பார். போன மாசம் ஒரு லாரி டிரைவர் கேஸ்ல, கதிர் அதிகமாச்சுன்னு மிஷினே கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு."

"பேட்ஜ்ல இவ்வளவு ஏறினா அடுத்து என்ன செய்யணும்?"

"ரத்தம் எடுத்துப் பார்க்கணும். நிஜமாவே உடம்புல பட்டிருந்தா அதுல தெரிஞ்சிடும். நானே கேட்டேன். ராஜினாமா பண்ணிட்டா அந்த ரோதனையெல்லாம் வேண்டாம், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னுட்டார்." அவள் அலமாரியை மூடினாள். "சார், மத்தியானம் ஆகப்போகுது. எனக்கு இந்தக் குழந்தை வேணும்."

பாஸ் படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பெரிய டாக்டரின் அறை மேல்தளத்தில் இருந்தது. கதவுக்குக் கதவு ஒரு காரியதரிசி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு செயற்கைப் புன்னகை. டாக்டர் நேரத்தை வீணாக்காதவராம். அதனால் பார்க்க வருகிறவர்களை டிரெட்மில்லில் ஓடிக்கொண்டேதான் சந்திப்பாராம். நாங்கள் போனபோது அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டு பக்கத்து ஸ்டாண்டில் தொங்கியது. கோட்டுப் பையில் பேட்ஜ்.

"உக்காருங்கன்னு சொல்ல மாட்டேன். உக்கார்றதுதான் இதயத்துக்கு எமன்," என்றார். கீழே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகளுக்கு இந்த விஷயத்தை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"அந்த டெக்னீஷியன் பொண்ணு விஷயமா வந்தோம்," என்றார் பாஸ்.

"பாவம். ஆனா அஜாக்கிரதை. இந்தக் கீழ்மட்ட ஸ்டாஃபுக்கு ஒழுங்கே கிடையாது. கண்ட இடத்துல நின்னு வம்பு பேசறது, அப்புறம் கதிர் பட்டுச்சுன்னு அழறது. என் ரீடிங்கைக் கேட்டுப் பாருங்க. இந்த ஊர்லயே அதிகமா கேஸ் பண்றவன் நான். எனக்கு ஒண்ணும் ஏறல. ஏன்? டிசிப்ளின்."

இவ்வளவு பெரிய மனிதர் பேசும்போது முகத்தைப் பார்ப்பதுதான் மரியாதை. ஆனால் எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கீழே பார்த்தேன். பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம். நான் பார்லருக்குப் போனா ரெண்டு காலுக்கும் சேர்த்துத்தான் முடி எடுப்பாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் ஒரு காலோட விட்டுட்டாங்க? வலி தாங்கலையா?"

அவருடைய வலது கால் முழுக்க முடி மண்டிக் கிடந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு முடி கிடையாது. வழவழவென்று பளபளத்தது.

பாஸ் முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கண்காட்சிக்கு வந்தவர் போல இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாக்ஸ் உரசல்," என்றார் டாக்டர். "ஓடறவங்களுக்கு சகஜம்."

"வலது காலுக்கு சாக்ஸ் போடறதில்லையா டாக்டர்?"

டாக்டரின் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. டிரெட்மில்லின் வேகம் குறைந்தது.

"கேஸ் பண்றப்ப எக்ஸ்ரே குழாய் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம். எல்லா இதய டாக்டருக்கும் அப்படித்தான். அதுக்கென்ன?"

"ஈயக் கவசம் எதுவரைக்கும் வரும்?"

"முழங்கால் வரைக்கும்," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வாயை மூடினார். டிரெட்மில் நின்றேவிட்டது.

"வாயாடி," என்றார் பாஸ், "கீழே போய் அந்தப் பொண்ணையும் அவ புருஷனையும் கூட்டிட்டு வா. இன்னிக்குதான் உன் வாய்க்குச் சம்பளம் கொடுத்தது செரிச்சுது."

அவர்களை அழைத்துக்கொண்டு நான் திரும்பியபோது டாக்டர் கோட்டை எடுக்கப் போயிருந்தார். பாஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் வழி மறித்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கால்ல முடி கொட்டினது சாக்ஸால இல்ல," என்று பாஸ் எல்லோருக்குமாகச் சொன்னார். "வருஷக்கணக்கா, மேஜைக்கு அடியிலேருந்து சிதறுற கதிர் இந்தக் கால் மேல விழுந்திருக்கு. திரையையும் கழட்டியாச்சு, பெடலையும் விடறதில்ல. அந்த லாரி டிரைவர் முதுகைச் சதுரமா சுட்டதும் அதே கதிர்தான். இப்படி ஒரு காலை வச்சிருக்கிறவரோட பேட்ஜ்ல ரீடிங் ரொம்பக் கம்மி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற பொண்ணோட பேட்ஜ்ல ரீடிங் எக்கச்சக்கம். ரெண்டும் தனித்தனியா பார்த்தா புரியாது. மாத்திப் போட்டுப் பாருங்க, சரியா இருக்கும்."

"என்ன உளறல் இது? செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வர்றதுக்குள்ள இதைத் திறந்துடலாம்," என்று பாஸ் கோட்டிலிருந்து பேட்ஜை எடுத்து என்னிடம் வீசினார். கூட்டின் மேல் டாக்டரின் பெயர் தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது. மற்றவர்களுக்கு வெள்ளைக் காகிதம்தான். நகம் வளர்த்ததற்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது.

கூடு திறந்தது. உள்ளே இருந்த அட்டையில் டாக்டரின் பெயர் இல்லை. மருமகளின் பெயர் இருக்கும் என்று அவளிடமே நீட்டினேன்.

அவள் படித்துவிட்டு என்னை விழித்துப் பார்த்தாள். "இது நான் இல்லைங்க."

பாஸின் முகம் ஒரு விநாடி தொங்கிவிட்டது. டாக்டரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இது புதுசா சேர்ந்த பொண்ணு," என்றாள் மருமகள் மெதுவாக. "என் இடத்துக்கு எடுத்திருக்காங்க. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்."

நான் பல திருடர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் திருடி மாட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில், அடுத்த வீட்டுப் பூட்டுக்குச் சாவி செய்து வைத்திருந்தவனை அன்றுதான் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது.

"உங்களைக் குறைச்சு மதிப்பிட்டுட்டேன் டாக்டர்," என்றார் பாஸ். "மன்னிக்கணும். இவ்வளவு கேவலமா இருப்பீங்கன்னு எதிர்பார்க்கல."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். இதயத்துக்கு எமன் என்று சொன்னதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" என்று குரலை உயர்த்தினார். "அளவைத் தாண்டினா என்னை கேத் லேபுக்குள்ள விட மாட்டாங்க. நான் ஒரு மாசம் வெளிய உக்காந்தா எத்தனை பேர் சாவான் தெரியுமா? இந்த அட்டைங்க சும்மா காலியா கிடக்குது. இவ வெளியதானே உக்கார்றா? இவ அட்டையில கொஞ்சம் ஏறினா என்ன குடி முழுகிடும்? எப்பவும் அளவுக்குள்ளதான் இருக்கும். அந்த லாரிக்காரன் கேஸ்தான் இழுத்துடுச்சு. வெறும் அட்டைதானேய்யா! இவ உடம்புல ஒண்ணுமே படலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் யார் எதிரில் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

கணவன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "ஒண்ணும் படலையா?" என்றான். "அப்ப குழந்தை..."

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல," என்றார் பாஸ். "அது இவருக்கு முதல்லேருந்தே தெரியும். இந்தப் பொண்ணு வேலையில இருந்தா ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல சுத்தமா இருக்குன்னு வந்தா, அப்ப அந்தக் கதிர் யாரோடதுன்னு கேள்வி வரும். அதனாலதான் ராஜினாமா. குழந்தை நல்லபடியா பொறந்தாலும் சந்தேகம் வரும். அதனாலதான் கலைக்கச் சொன்னார். தன் வேலைக்கு ஒரு மாசம் லீவு விழக்கூடாதுன்னு உங்க குழந்தையைக் கொல்லப் பார்த்தார். நீங்க பிளாஸ்க் கொண்டு வந்தீங்க."

மருமகள் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை.

"அதிகாரிகளை எல்லாம் ஏமாத்திட்டதா நினைச்சீங்க," பாஸ் டாக்டரின் பக்கம் திரும்பினார். "அவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீங்களே சொன்ன மாதிரி, இந்தப் பொண்ணு உடம்புல ஒண்ணும் படல. அப்ப அந்த அட்டை காட்டினதெல்லாம் யார் உடம்புல பட்டுச்சு டாக்டர்? அந்த மாசம் மட்டுமா? அதுக்கு முன்னாடி? அதுக்கும் முன்னாடி? உங்க உடம்பு மேல அக்கறையா இருந்தது ஒரே ஒரு சாமான், இந்த பேட்ஜ்தான். அதோட வாயையும் நீங்களே பொத்திட்டீங்க."

டாக்டர் தன் இடது காலைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, இடது கண்ணை மெல்லத் தேய்த்துக்கொண்டார். கதிர் அதிகம் பட்டால் கண்ணில் புரை விழுமாம். அந்தக் கண்ணில் கொஞ்ச நாளாகவே ஏதோ மங்கல் இருந்திருக்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டர் வெளிச்சம் என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்திருப்பார்.

"எவ்வளவு..." மருமகளின் பக்கம் திரும்பினார். "அந்த மாச ரீடிங் எவ்வளவும்மா?"

அந்த எண்ணை வைத்து ஒரு பெண்ணை வேலையை விட்டுத் துரத்தி, ஒரு குழந்தைக்கு நாள் குறித்தவருக்கு எண் ஞாபகம் இல்லை. தன்னுடையது என்று அவர் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதானே சார் என்னை நிக்க வச்சு எல்லார் முன்னாடியும் படிச்சீங்க? அது என்னுதுன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேன். இனிமே நீங்க அழுங்க."

பாஸ் போனை எடுத்துக் கதிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போலீசுக்கும் பேச ஆரம்பித்தார். திறந்த கூட்டையும் அட்டையையும் நான் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். டாக்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் கணவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவியின் பின்னாலேயே போனான். எதையோ சொல்ல வாயெடுத்தான், முழுங்கினான், மறுபடி வாயெடுத்தான்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நிற்கவில்லை. ராஜினாமாக் காகிதத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எனக்கு ஷிஃப்ட் இருக்கு. நீங்க போங்க. போய் உங்க அம்மாகிட்ட, புள்ள இருக்குன்னு சொல்லுங்க. நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."